தலைமுடியில் பாதி

உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போனால் எனக்கென்று ஒரு கேள்வி காத்திருக்கும். "நீ என்னம்மா வேலை செய்யறே?" சினிமா லென்சுகளைச் சரிபார்க்கும் வேலை என்று சொன்னால் பாதிப் பேர் மூக்குக் கண்ணாடிக் கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர், எந்த நடிகரைப் பார்த்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஒரு பெரியம்மா மட்டும், "லென்சு புதுசாத்தானே வாங்குறாங்க, அதுல சரிபாக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பந்தியில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

கோலாலம்பூரில், படப்பிடிப்புக் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு கடையின் பின்னறையில் வேலை செய்கிறேன். எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அறையில் எந்நேரமும் குளிர்சாதனம் ஓடும். லென்சுகள் இருக்கும் அலமாரிக்குள் ஈரப்பதம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக் காற்றில் ஒரு லென்சைச் சும்மா பெட்டியில் பூட்டி வைத்தால் சில மாதங்களிலேயே கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்துவிடும். சினிமாப் பளபளப்பு எதுவும் அந்த அறையில் கிடையாது. ஒரு மேசை, திருகாணி முடுக்கிகள், சின்னத் தட்டுகள், அளவுக் கருவிகள், ஒரு வானொலி. அவ்வளவுதான்.

அங்கே நான் அடிக்கடி செய்யும் வேலை, மெல்லிய உலோக வளையம் ஒன்றை லென்சுக்குள் வைப்பது அல்லது எடுப்பது. அதற்கு ஷிம் என்று பெயர். பித்தளையிலோ எஃகிலோ செய்திருப்பார்கள். 0.01, 0.02, 0.05, 0.1 மில்லிமீட்டர் என்று பல தடிமன்களில் வரும். நாம் அச்சடிக்கும் சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். சமையலறையில் மீனைச் சுற்றிச் சுடும் அலுமினியத் தாள் சுமார் 0.016. மனிதத் தலைமுடி ஆளுக்கு ஆள் மாறும், 0.05 முதல் 0.1 வரை இருக்கும். என்னுடைய மிக மெல்லிய ஷிம், மூச்சு விட்டால் மேசையிலிருந்து பறந்துவிடும்.

52 மில்லிமீட்டர்

லென்சைக் கேமராவில் மாட்டும்போது இரண்டு உலோக முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த முகத்திலிருந்து, கேமராவின் உள்ளே படம் விழும் சென்சார் வரை உள்ள தூரம் மிக முக்கியமானது. சினிமாவில் உலகெங்கும் பரவலாகப் பயன்படும் பிஎல் மௌண்ட் என்ற பொருத்து முறையை ஆரி நிறுவனம் 1982இல் கொண்டுவந்தது. அதில் இந்தத் தூரம் 52.00 மில்லிமீட்டர். புகைப்படக்காரர்கள் பலரிடம் இருக்கும் கேனன் இஎஃப் லென்சுகளுக்கு 44. தொலைக்காட்சி நிலையங்களின் பி4 லென்சுகளுக்கு 48. முறைக்கு முறை எண் மாறும். ஆனால் ஒரு முறைக்குள் அந்த எண் மாறக்கூடாது. எந்தக் கடையின் லென்சும் எந்தக் கடையின் கேமராவிலும் சரியாக வேலை செய்வது இந்த ஒப்பந்தத்தால்தான்.

லென்சின் மீது ஒரு வளையம் உண்டு. அதில் 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் என்று கோடுகள் பொறித்திருப்பார்கள். கடைசியில் படுத்துக் கிடக்கும் எட்டுப் போன்ற ஒரு குறி, அது முடிவிலி. வளையத்தைத் திருப்பத் திருப்ப லென்ஸ் சென்சாரை விட்டு முன்னால் நகரும், கிட்டத்தில் உள்ளவை தெளிவாகும். முடிவிலிக் குறியில் நிறுத்தினால் மலையும் நிலாவும் தெளிவாக வேண்டும். அந்த 52 மில்லிமீட்டர் சரியாக இருக்கும்வரை கோடுகள் உண்மை சொல்லும். இல்லையென்றால் பொய் சொல்லும்.

லென்ஸ் சென்சாருக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருந்தால், முடிவிலிக் குறிக்கு முன்னாலேயே மலை தெளிவாகிவிடும். வளையம் அதையும் தாண்டி ஓடும். அப்போது ஒரு ஷிம்மைச் சேர்த்து லென்சைச் சற்று வெளியே தள்ள வேண்டும். லென்ஸ் தள்ளி உட்கார்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வளையம் முடிவிலியில் முட்டி நின்றுவிடும், மலை மங்கலாகவே இருக்கும். அப்போது ஷிம்மைக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு தவறினால் எவ்வளவு கெடும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் மீது எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிழையால் வகுக்க வேண்டும். லென்ஸ் 0.04 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 85 மில்லிமீட்டர் லென்சில் வளையத்தை முடிவிலியில் வைத்தால், அது உண்மையில் பார்ப்பது 180 மீட்டருக்கு அப்பால். பெரிய வித்தியாசம் தெரியாது. அதே பிழை, அகலமாகப் பார்க்கும் 18 மில்லிமீட்டர் லென்சில்? 18ஐ 18ஆல் பெருக்கினால் 324. அதை 0.04ஆல் வகுத்தால் 8,100 மில்லிமீட்டர், அதாவது 8 மீட்டர். முடிவிலி என்று நினைத்துக்கொண்டு தெருவின் எதிர்வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலைமுடியில் பாதி செய்யும் வேலை இது.

அப்பாவின் ஷிம்

நான் இந்த வேலைக்கு வந்தது அப்பாவுக்கு வெகுநாள் பிடிக்கவில்லை. அவர் பேராக்கில் ஒரு செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுக்கு மேல் பிட்டராக இருந்தவர். பிள்ளைகளில் ஒருத்தியாவது அரசாங்க வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் கனவு. 2015இல் வந்த 'ஜகாட்' 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றபோது, நம் பிள்ளைகளும் இந்தத் துறையில் தலை நிமிரலாம் என்று நான் வீட்டில் வாதாடிப் பார்த்தேன். "விருது டைரக்டருக்கு. ஒனக்கு இ.பி.எப். பிடிக்கிறாங்களா, அதச் சொல்லு" என்றார் அப்பா.

ஒரு தீபாவளி விடுமுறையில், நான் என்னதான் செய்கிறேன் என்று கேட்டார். பையில் இருந்த சின்ன உறையைத் திறந்து இரண்டு வளையங்களை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணுக்கு நெருக்கமாகத் தூக்கிப் பார்த்தவர், "இது ஷிம்முல்ல?" என்றார். அவர் குரல் மாறியதை அம்மாவும் கவனித்தார்.

ஆலையில் மோட்டாரும் பம்பும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இரண்டின் தண்டும் சற்று விலகினாலும் நடுவில் இருக்கும் கப்ளிங் தேய்ந்து, பேரிங் சூடாகி, ஒரு நாள் ராத்திரி ஆலையே நின்றுபோகும். மோட்டாரின் காலுக்கு அடியில் தகட்டைச் சொருகி, டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்து, மறுபடி தகட்டை மாற்றி, மறுபடி சுற்றிப் பார்ப்பது அவருடைய வேலை. அவருக்கு 0.05 மில்லிமீட்டர் பழக்கப்பட்ட அளவு. தகடு தீர்ந்துபோன நாட்களில் சிலர் மைலோ டின்னை வெட்டிச் சொருகிவிட்டுப் போவார்களாம். அதைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அவருக்குக் கோபம் வருகிறது.

அன்று மாலை முழுக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு மூன்று விஷயங்கள் சொன்னார். ஷிம் வைக்குமுன் இடத்தைத் துடை. அழுக்கும் ஒரு ஷிம்தான். மெல்லிய தகடுகளை அடுக்காதே. நாலைந்து சேர்ந்தால் ஸ்ப்ரிங் மாதிரி அமுங்கும், அளவு நிற்காது. மூன்றாவது, "எது கோணல்னு தெரியாம எதையும் தூக்காதே. பம்பு சாஞ்சிருக்கும், நீ மோட்டாரத் தூக்கிட்டிருப்பே." முதல் இரண்டும் எனக்குத் தெரிந்தவைதான். மூன்றாவதன் முழு அர்த்தம் சென்ற ஆண்டுதான் எனக்குப் புரிந்தது.

குத்துவிளக்கும் மணப்பெண்ணும்

சென்ற ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் படத்துக்கு எங்கள் கடையிலிருந்து ஐந்து லென்சுகள் போயின: 18, 25, 35, 50, 85. கேமராவை அவர்கள் வேறோர் இடத்தில் எடுத்திருந்தார்கள். ஆறு நாள் படப்பிடிப்பு முடிந்ததும், ஒரு மதிய வேளையில் தயாரிப்பு நிர்வாகி லென்சுப் பெட்டியுடன் வந்தார். கூடவே ஓர் இளைஞர், வயது 23 இருக்கும், கெடாக்காரர். போகஸ் புல்லர். நடிகர் நகர நகர, லென்சின் வளையத்தைத் திருப்பித் தெளிவு குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. படப்பிடிப்புத் தளத்தில் நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்காத, தவறினால் எல்லோரும் கவனிக்கும் வேலை அது.

"லென்சுல ஒன்னும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். சும்மா ஒரு தடவ பாத்து, நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார் நிர்வாகி. எடிட்டிங் அறையின் பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது இரவுக் காட்சிகள் பல மங்கலாக இருந்தனவாம். தளத்தில் இருந்த ஏழு அங்குலத் திரையில் அது தெரியவில்லை. அந்த இளைஞரின் ஆறு நாள் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். துறையில் உள்ளவர்கள் பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், பெயரைப் போட்டு, போகஸ் தெரியாத பையன் என்று யாரோ எழுதியும் விட்டிருந்தார்கள். லென்சுகள் சரி என்று நான் எழுதிக் கொடுத்தால் சம்பளத்தைப் பிடிக்கக் காரணம் உறுதியாகிவிடும். அதற்குத்தான் அந்தத் தாள்.

அவர் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தார். "அக்கா, நான் டேப் புடிச்சு அளந்துதான் வச்சேன்" என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

லென்சுகளைத் திறக்குமுன் எந்தெந்தக் காட்சிகள் மங்கல் என்று கேட்டேன். அவர் முதுகுப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எந்த லென்ஸ், எத்தனை மீட்டர், துவாரம் எவ்வளவு என்று பொடி எழுத்தில் ஆறு நாளும் எழுதி வைத்திருந்தார். நிர்வாகியின் கைப்பேசியில் இருந்த மாதிரிப் படங்களை அந்தக் குறிப்புகளோடு வைத்துப் பார்த்தேன். 18, 25 இரண்டிலும் எடுத்த காட்சிகள் எல்லாமே மங்கல். 50, 85 இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு படம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நலங்குக் காட்சி. 18 மில்லிமீட்டர் லென்ஸ், நோட்டில் 4 மீட்டர் என்று இருந்தது. மணப்பெண்ணின் கண்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தன. ஆனால் அவளுக்கு முன்னால், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி, கேமரா பக்கம் இருந்த குத்துவிளக்கின் திரி நூல் நூலாகத் தெரிந்தது. அடுத்த படத்திலும் அப்படியே. ஆள் மங்கல், ஆளுக்கு முன்னால் இருந்த நாற்காலி தெளிவு. அதற்கடுத்ததிலும் அப்படியே. கவனமில்லாத கை தவறினால் ஒரு தடவை முன்னால் விழும், ஒரு தடவை பின்னால் விழும். எல்லாத் தடவையும் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு ஒரு மனிதனால் தவற முடியாது. அது இயந்திரத்தின் குணம்.

அப்படியானால் 85இல் ஏன் தெரியவில்லை? அந்த லென்சில் 4 மீட்டருக்கு அதே பிழை 8 சென்டிமீட்டர்தான் வரும். நீள லென்சில் தெளிவும் மங்கலும் சின்னத் திரையிலேயே பளிச்சென்று தெரியும் என்பதால், கண்ணால் பார்த்து வளையத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்ளலாம். அந்தத் தம்பி அப்படித்தான் செய்திருக்கிறார். அகல லென்சில் சின்னத் திரையில் எல்லாமே தெளிவு போலத் தெரியும். அங்கே டேப்பையும் கோட்டையும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் நம்பினார், கோடு பொய் சொன்னது.

எதைத் தூக்குவது?

ஐந்து லென்சுகளையும் கோலிமேட்டரில் வைத்துப் பார்த்தேன். அது ஒரு செயற்கை முடிவிலி. ஒரு நல்ல லென்சின் குவியப் புள்ளியில் கோடு போட்ட படம் ஒன்றை வைத்து வெளிச்சம் கொடுத்தால், கதிர்கள் வெகுதூரத்திலிருந்து வருவதுபோல் இணையாக வெளியே வரும். அறைக்குள்ளேயே நிலாவைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. ஐந்து லென்சுகளும் முடிவிலிக் குறியில் ஊசி முனையாக நின்றன. குறை லென்சில் இல்லை. மிச்சம் இருப்பது கேமரா.

கேமராவும் காரில்தான் இருந்தது. ஆனால் நிர்வாகி தயங்கினார். "கேமரா வேற எடத்து சாமான். அதுல கை வச்சா எனக்கு வம்பு. நீங்க ஒங்க லென்சுலேர்ந்து அந்த வளையத்த எடுத்துடுங்களேன். ராத்திரி எட்டு மணிக்கு ஷூட் இருக்கு."

அவர் கேட்டது செய்ய முடியாத காரியம் அல்ல. லென்சின் பின்முகத்தில் சில சின்னத் திருகாணிகள். அவற்றைக் கழற்றி, முகத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் ஷிம்மைக் குறைத்து, கார்ச் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவதுபோல் எதிரும் புதிருமாக முடுக்கினால் முடிந்தது. அன்றிரவுக் காட்சிகள் அழகாக வந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஐந்து லென்சுகளும் அந்த ஒரு கேமராவுக்கு மட்டும்தான் சரியாக இருக்கும். அடுத்த வாரம் சரியான 52.00 உள்ள ஒரு கேமராவில் அவற்றை மாட்டும்போது, வேறோர் ஊரிலிருந்து வந்த வேறொரு பையன் கதவோரம் நிற்பான். பம்பு சாய்ந்திருக்கிறது, மோட்டாரைத் தூக்கச் சொல்கிறார்கள்.

முடியாது என்றேன். நிர்வாகியின் முகம் சிவந்தது. எங்கள் தவுக்கே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளர் போனால் போனதுதான். சிறிய சந்தை இது. கேமராவின் உரிமையாளரை அழைத்துப் பேசலாம், அவர் அனுமதித்தால் அளந்து மட்டும் பார்க்கிறேன், பொய் என்றால் சோதனைக் கட்டணம் வேண்டாம் என்றேன். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, தன் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் சரி என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டார். ஆள் வந்து சேர மணி நான்கு.

பிலிம் காலத்தில் கேமராவின் ஆழத்தை அளக்க ஒரு முள்ளைப் பிலிம் இருக்கும் தளம்வரை இறக்கிப் பார்ப்பார்கள். இப்போது சென்சாரைத் தொடக்கூடாது. அதனால் லென்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு சோதனைக் கருவியை மாட்டுகிறோம். அதற்குள்ளேயே நட்சத்திரம்போல் கோடுகள் விரியும் ஒரு படம் இருக்கும். அதை 4கே திரையில் பெரிதாக்கிப் பார்த்து, நடுப்புள்ளி மிகக் கூர்மையாகும்வரை வளையத்தைத் திருப்பினால், தூரம் எவ்வளவு தவறியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 0.04 அதிகம். 52.04.

உரிமையாளரின் ஆள் அமைதியாக இருந்தார். பிறகு, இரண்டு வாரத்துக்கு முன் இஎஃப் மௌண்ட்டைக் கழற்றிவிட்டுப் பிஎல் மௌண்ட்டைப் பொருத்தினோம் என்றார். பொருத்தியவர் அளந்து பார்க்கவில்லை. மௌண்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். முதலில் துடைத்தேன். அடியில் இருந்த 0.05 ஷிம்மை எடுத்துவிட்டு 0.01 ஒன்றை வைத்தேன். மறுபடி மாட்டி மூன்று முறை அளந்தேன். 52.00. மணி ஆறு. 18 மில்லிமீட்டர் லென்சை மாட்டி, மாடிச் சன்னல் வழியாகத் தூரத்துக் கட்டடத்தின் விளக்குகளைப் பார்க்கச் சொன்னேன். அந்தத் தம்பி வளையத்தை முடிவிலியில் வைத்துத் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு விளக்கும் ஒரு புள்ளி. அவர் ஒன்றும் பேசவில்லை, நிர்வாகியும் பேசவில்லை.

அளவுகோலே தவறினால்

நம்பிய அளவே பொய்யாகிப் போவது சின்னக் கடைகளில் மட்டும் நடப்பதில்லை. 1990 ஏப்ரலில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கி அனுப்பிய முதல் படங்கள் மங்கலாக இருந்தன. 2.4 மீட்டர் விட்டமுள்ள அதன் கண்ணாடி, விளிம்பில் 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்கு அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. காரணத்தைத் தேடியபோது, கண்ணாடியைச் சோதித்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தேய்த்தவர்கள் மிகத் துல்லியமாகத்தான் தேய்த்தார்கள். தவறான அளவுக்குத் துல்லியமாக. அதைவிட எளிய வேறு இரண்டு கருவிகள் பிழையைக் காட்டியும், பெரிய கருவியே நம்பகமானது என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

எங்கள் மேசையில் அந்த எளிய கருவி, ஒரு 23 வயது இளைஞரின் நோட்டுப் புத்தகம். ஆறு நாளும் அது உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அன்று நான் எழுதிக் கொடுத்தது ஒரே பக்கம். லென்சுகள் ஐந்தும் சரி. கேமராவின் அளவு முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு. தேதி, நேரம், கேமராவின் எண். யாரையும் குறை சொல்லி ஒரு வரி இல்லை. அந்தத் தாளைக் காட்டிய பிறகு ஆறு நாள் சம்பளமும் வந்துவிட்டது. மங்கலான காட்சிகளில் இரண்டை மறுபடி எடுத்தார்கள். மற்றவை அப்படியே ஒளிபரப்பாயின. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதை யாரும் திரும்பப் பெறவில்லை. அந்த மாதம் அவருக்கு உறுதியாகியிருந்த இரண்டு வேலைகள் கைநழுவின. தப்பை அளக்கக் கருவி இருக்கிறது. போன பேரை அளந்து திருப்பிக் கொடுக்க எங்கள் கடையில் எதுவும் இல்லை.

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகளிடமும், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். படப்பிடிப்புக்கு முன் சோதனைக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். கேமராவையும் லென்சுகளையும் சேர்த்து மாட்டி, அகல லென்சிலிருந்து தொடங்கி, டேப்பால் அளந்த தூரமும் வளையத்தின் கோடும் ஒத்துப்போகின்றனவா என்று பெரிய திரையில் பாருங்கள். ஜூம் லென்ஸ் என்றால், நெருக்கிப் பார்த்துத் தெளிவாக்கிவிட்டு அகலமாக்குங்கள். அகலத்தில் மங்கினால் பின்தூரம் தவறு. கேமரா சூடேறச் சற்று நேரம் கொடுங்கள். நம் ஊரில் குளிரறை 20 பாகை, வெளியே 33. அலுமினியத்தில் 52 மில்லிமீட்டர் நீளம் அந்த 13 பாகையில் 0.015 மில்லிமீட்டர் விரியும். அதுவும் ஒரு ஷிம்தான். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். யார் ஜெயித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. "மௌண்ட்ட மாட்டுனவன் ஏன் டயல் வச்சுப் பாக்கல?" என்றுதான் கேட்டார். பிறகு, அந்தப் பையன் பசியாறிவிட்டுத்தான் வந்தானா என்று கேட்டார். இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் நாடகம் பார்க்கும்போது, முன்னால் இருக்கும் பூச்சாடி தெளிவாகவும் ஆள் மங்கலாகவும் வந்தால் எனக்கு போன் செய்கிறார்.

அந்தத் தம்பிக்கு நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு புதிய படம் கிடைத்தது. கேமரன் மலையில் படப்பிடிப்பு. கிளம்புவதற்கு முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே கடைக்கு வந்து, ஒவ்வொரு லென்சாக மாட்டிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் விடியற்காலையில் மலையிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: "அக்கா, 16 பாகை. 18 சரி. 25 சரி. தொடங்குறோம்."